முகம் திருப்பும் மனிதர்கள்: புரூகலின் ஓவியங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள அரச நுண்கலை அருங்காட்சியகம் 1912ஆம் ஆண்டில் ஓர் ஓவியத்தை விலைக்கு வாங்கியது. ஏறத்தாழ 73 சென்டிமீட்டர் உயரமும் 112 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் படத்தில் ஓர் உழவர் ஏர் உழுகிறார். ஓர் ஆயர் கோலில் சாய்ந்து நிற்கிறார். கரையோரத்தில் ஒருவர் தூண்டில் போட்டிருக்கிறார். பசுமை கலந்த கடலில் பாய் விரித்த கப்பல் ஒன்று போகிறது. ‘இக்காரஸின் வீழ்ச்சியுடன் கூடிய நிலக்காட்சி’ என்பது அதன் பெயர். பெயரைப் படித்த பிறகுதான் பெரும்பாலோர், கிரேக்கக் கதையில் வானிலிருந்து விழும் சிறுவனான இக்காரஸைத் தேடத் தொடங்குகிறார்கள். வலப்புறக் கீழ்ப்பகுதியில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, நீருக்கு மேல் உதைத்துக்கொண்டிருக்கும் இரண்டு சிறிய கால்கள்தாம் அவன்.

பிறர் துன்பத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பற்றிய குறியீட்டு ஓவியங்களைப் படிக்க விரும்பும் புதியவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதற்கு, அந்தப் படத்தின் அமைப்பை உருவாக்கிய ஓவியர் மூத்த பீட்டர் புரூகலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப்பிலும் பின்னர் பிரஸ்ஸல்ஸிலும் வாழ்ந்து 1569இல் இறந்தவர். இன்று நமக்குக் கிடைக்கும் அவருடைய வண்ண ஓவியங்கள் ஏறத்தாழ நாற்பதுதான். அந்தச் சிறிய தொகுதிக்குள் இந்த ஒரு பொருளுக்கு அவர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். ஒரே மனம் ஒரே கேள்வியைப் பல கோணங்களில் கேட்பதைப் பார்க்கும்போது, குறியீடு எப்படி இயங்குகிறது என்பதைத் தெளிவாகக் கற்றுக்கொள்ள முடிகிறது.

தொடக்க நூல்கள் பலவும் குறியீடுகளின் பட்டியலோடு ஆரம்பிக்கின்றன: புறா என்றால் அமைதி, மண்டையோடு என்றால் மரணம் என்பதைப் போல. அது தவறான வாசல் என்பது என் கருத்து. கண் கேள்வி கேட்பதற்கு முன்னரே பட்டியல் விடையைக் கையில் திணித்துவிடுகிறது. அதனால் பட்டியலை நான்காம் படிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

முதல் படி: தலைப்பை மறைத்துவிட்டுப் பார்ப்பது

படத்தின் பெயரையும் அருகிலுள்ள விளக்கத்தையும் ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரை இதற்குப் போதாது. கணினித் திரையோ பெரிய அச்சுப்படமோ வேண்டும். பத்து நிமிடம் வேறு எதுவும் செய்யாமல் பாருங்கள். உங்கள் கண் எதை முதலில் தொட்டது, அடுத்து எங்கே போனது, எங்கே நின்றது என்பதை அந்த வரிசையிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்; கடைசிப் படியில் அது மீண்டும் தேவைப்படும்.

இக்காரஸ் ஓவியத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்களின் தாளில் முதல் வரியாக இருப்பது உழவரின் சிவப்புச் சட்டைக் கைதான். படம் முழுவதும் பச்சையும் நீலமும் பழுப்புமாக இருக்கும்போது அந்தச் சிவப்பு கண்ணைப் பிடித்து இழுக்கிறது. அவர் நமக்கு மிக அருகில் நிற்கிறார். படத்திலுள்ள மனிதர்களில் அவரே பெரியவர். அவரிடமிருந்து கண் வளைந்து செல்லும் உழவுச் சால்களின் வழியே இறங்கி, ஆடுகளைத் தொட்டு, கப்பலில் ஏறி, தூரத்து வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது. இக்காரஸின் கால்கள் அந்த வழியில் இல்லை.

கோயில் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. அங்கே தெய்வம் பெரிதாகவும் நடுவிலும் இருக்கும். அடியாரும் பரிவாரமும் சிறிதாகவும் ஓரத்திலும் இருப்பார்கள். அளவே முதன்மையைச் சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தோடு புரூகலிடம் வருபவர், இது உழவைப் பற்றிய படம் என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விட முடியும். புரூகல் படத்தின் பொருளைச் சிறிதாக்கி, ஓரத்தில் வைத்து, அதன் மீது எந்தச் சிறப்பு ஒளியும் விழாமல் பார்த்துக்கொள்கிறார். ஆகவே அவர் படங்களில் பெரிதாக இருப்பது எது என்று கேட்டவுடனே, சிறிதாக்கப்பட்டிருப்பது எது என்றும் கேட்டுப் பழகுங்கள்.

இரண்டாம் படி: முகங்களையும் முதுகுகளையும் வரைந்து பார்ப்பது

இதுவே இந்த வழிகாட்டியின் மையமான பயிற்சி. அச்சுப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, படத்திலுள்ள ஒவ்வோர் உயிருக்கும் ஒரு புள்ளியிட்டு, அது பார்க்கும் திசையில் ஓர் அம்புக்குறி போடுங்கள். மனிதர்களோடு விலங்குகளையும் பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். நன்றாக வரையத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இக்காரஸ் படத்தில் இதைச் செய்து முடித்தவுடன் தாளில் தெரிவது வியப்பானது. உழவரின் அம்பு தரையை நோக்கி, அவர் பிளந்துகொண்டிருக்கும் உழவுச் சாலின் பக்கம் இறங்குகிறது. ஆயர் கடலுக்கு முதுகைக் காட்டியபடி வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். தூண்டில்காரர் தமக்கு முன்னாலுள்ள நீரை நோக்கிக் குனிந்திருக்கிறார். கப்பலிலுள்ளவர்கள் பாய்மரத்தோடும் கயிற்றோடும் இருக்கிறார்கள். இத்தனை அம்புகளில் ஒன்றுகூட மூழ்கும் சிறுவனிடம் போய்ச் சேரவில்லை. ஒருவர் தற்செயலாக வேறு பக்கம் பார்க்கலாம். ஒரு படத்திலுள்ள எல்லோரும் தற்செயலாக வேறு பக்கம் பார்க்க முடியாது. அது ஓவியரின் ஏற்பாடு.

இந்த இடத்தில் புதியவர்கள் உடனே எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: “இவர்கள் இரக்கமற்றவர்கள்.” அதை எழுதுவதற்கு முன் சற்றுப் பொறுத்திருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். காணாதிருப்பதும், கண்டபின் கண்ணைத் திருப்பிக்கொள்வதும் ஒன்றல்ல. இந்தப் படத்தில் யாரேனும் இக்காரஸைக் கண்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. உழவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் பிடித்தவருக்குத் தெரியும், சாலிலிருந்து கண்ணை எடுத்தால் சால் கோணிப்போகும், கொழு கல்லில் மோதும், குதிரை இழுத்த இழுப்புக்கு மேழி போய்விடும் என்று. அவர் குனிந்து பார்ப்பது அவருடைய வேலையின் பகுதி. தூண்டில்காரரின் நிலை அப்படியன்று. அவர் நீரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். விழுந்த உடலிலிருந்து எழுந்த சத்தம் அவர் காதில் விழக்கூடிய தூரத்தில் இருக்கிறார். அவருடைய தொழிலே நீரில் ஏற்படும் அசைவைக் கவனிப்பது. இருவரையும் ஒரே சொல்லால் குற்றஞ்சாட்டினால், ஓவியர் மனிதர்களிடையே வைத்திருக்கும் தூரங்களையெல்லாம் நாம் அழித்துவிடுகிறோம். ஒவ்வோர் அம்புக்குப் பக்கத்திலும் ‘இவரால் பார்த்திருக்க முடியுமா, கேட்டிருக்க முடியுமா, முடிந்திருந்தால் எதைக் கைவிட வேண்டியிருந்திருக்கும்’ என்று மூன்று கேள்விகளை எழுதி விடை தேடுங்கள்.

மூன்றாம் படி: மூலக் கதையை அறிந்து, மாறியிருப்பதைக் குறித்துக்கொள்வது

இப்போது தலைப்பைத் திறக்கலாம். கிரீட் தீவில் அடைபட்டிருந்த கைவினைஞர் டெடலஸ், இறகுகளையும் மெழுகையும் கொண்டு தமக்கும் தம் மகன் இக்காரஸுக்கும் சிறகுகள் செய்தார். அதிக உயரத்தில் பறக்கக் கூடாது என்ற தந்தையின் எச்சரிக்கையை மறந்து மகன் சூரியனை நெருங்கினான், மெழுகு உருகியது, கடலில் விழுந்து இறந்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் இந்தக் கதையைத் தம் ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் எட்டாம் பகுதியில் சொல்லியிருக்கிறார். புரூகலின் படத்துக்கு அதுவே அடிப்படை என்று நம்புவதற்கு வலுவான காரணம், ஓவிட் தம் கதையில் மூன்று சாட்சிகளை வைத்திருப்பதுதான்: தூண்டில்காரர் ஒருவர், கோலில் சாய்ந்த ஆயர் ஒருவர், மேழியைப் பிடித்த உழவர் ஒருவர். அந்த மூவரும் வானத்தில் பறப்பவர்களைக் கண்டு திகைத்து, இவர்கள் தேவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள் என்கிறது காவியம்.

புரூகல் மூவரையும் வைத்துக்கொண்டு, அவர்களுடைய திகைப்பை மட்டும் நீக்கிவிட்டார். கதையில் சாட்சிகளாக இருந்தவர்கள் படத்தில் சாட்சியம் சொல்ல முடியாதவர்களாகிவிட்டார்கள். ஒரு குறியீட்டு ஓவியத்தில் ஓவியரின் சொந்தக் குரலைக் கேட்க விரும்பினால், அவர் மூலத்திலிருந்து விலகிய இடத்தில் காதை வைக்க வேண்டும். கதையில் உள்ளதைக் கதைப்படியே வரைந்த பகுதிகள் மரபுக்குச் சொந்தமானவை. மாற்றிய பகுதிகள் அவருக்குச் சொந்தமானவை.

இன்னும் இரண்டு விலகல்களைக் கவனியுங்கள். மெழுகை உருக்கிய சூரியன் கதைப்படி உச்சியில் இருக்க வேண்டும். படத்திலோ அது தொடுவானத்தில் பாதி அமிழ்ந்திருக்கிறது. மகனைத் தேடிப் பறக்கும் தந்தையும் படத்தில் இல்லை. பிரஸ்ஸல்ஸிலேயே வான் பியூரன் அருங்காட்சியகத்தில் இதே அமைப்பில் வரையப்பட்ட மற்றொரு படம் இருக்கிறது. அதில் டெடலஸ் வானத்தில் பறந்துகொண்டிருக்கிறார்; ஆயர் அண்ணாந்து பார்ப்பது அவரைத்தான். அந்தப் படத்தைக் கண்டபின் இந்தப் படத்துக்குத் திரும்பினால், ஆயரின் பார்வை வெறும் வானத்தில் போய் முட்டுவது மனத்தை உறுத்துகிறது. அவர் அலட்சியமானவரா, அல்லது வியப்பான ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் முதுகுக்குப் பின்னால் நடந்த துயரத்தைத் தவறவிட்டவரா? எனக்கு இரண்டாவது விளக்கமே பிடித்திருக்கிறது. அழகான ஒன்றில் லயித்திருப்பதும் காணாதிருப்பதன் ஒரு வகைதான். ஆனால் வேறொரு படத்திலிருந்து கடன் வாங்கிய விளக்கம் இது என்பதை என் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதி வையுங்கள்.

நான்காம் படி: சிறு பொருள்களை அந்தக் கால மக்களின் மொழியில் கேட்பது

இப்போதுதான் குறியீடுகளுக்கு வருகிறோம். தூண்டில்காரருக்கு அருகே ஒரு கிளையில் கவுதாரி ஒன்று அமர்ந்திருக்கிறது. அழகுக்காக வைத்த பறவை என்று தோன்றலாம். ஓவிட் காவியத்தில் இக்காரஸின் உடலைத் தந்தை புதைக்கும்போது, ஒரு கவுதாரி அதைக் கண்டு சிறகடித்துக் களிக்கிறது. அந்தக் கவுதாரி முன்பு டெடலஸின் சகோதரி மகன்; ரம்பத்தைக் கண்டுபிடித்த கூர்மதியாளன்; அவன் அறிவின் மேல் பொறாமைகொண்டு டெடலஸே அவனை உயரத்திலிருந்து தள்ளிவிட, மினர்வா தேவி அவனைப் பறவையாக்கிக் காப்பாற்றினாள். அதனால்தான் கவுதாரி உயரத்தை அஞ்சித் தாழவே பறக்கிறது என்பது கதை. இந்த ஒரு பறவையால் படத்தின் துயரம் இரட்டிப்பாகிறது: விழுந்து இறக்கும் சிறுவனுக்கு முன்பே, தள்ளிவிடப்பட்ட மற்றொரு சிறுவன் இருந்திருக்கிறான். இன்று யாரும் காணாத இந்தத் துன்பத்துக்குப் பின்னால், அன்று டெடலஸ் தாமே இழைத்த துன்பம் நிற்கிறது.

இடப்புறம் உழவு நிலத்துக்கு அப்பாலுள்ள புதரை மிகவும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே வெளிறிய ஒரு தலை தெரியும்; இறந்து கிடக்கும் ஒரு முதியவரின் தலை. சாதாரண அளவிலுள்ள அச்சுப்படத்தில் இது புலப்படவே புலப்படாது. இதற்கு அந்த நாட்டாரின் பழமொழி ஒன்றை விளக்கமாகச் சொல்வார்கள்: சாகிற மனிதனுக்காக எந்த ஏரும் நிற்பதில்லை. புரூகல் பழமொழிகளை ஓவியமாக்கியவர் என்பதில் ஐயமில்லை. பெர்லினில் உள்ள அவருடைய 1559ஆம் ஆண்டு ஓவியமான ‘நெதர்லாந்துப் பழமொழிகள்’ நூற்றுக்கும் மேற்பட்ட பழமொழிகளை ஒரே ஊருக்குள் மனிதர்களாக நடமாட விட்டிருக்கிறது. ஆகவே இங்கேயும் பழமொழி ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது நம்பத்தக்கது.

ஆனால் அந்தப் பழமொழி எந்தத் தொனியில் பேசுகிறது? சாவைக்கூட மதிக்காத மனிதர்களைக் கண்டிக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். யார் செத்தாலும் உழவு நின்றால் ஊர் பட்டினி கிடக்கும், ஆகவே உழுதுதான் ஆக வேண்டும் என்ற கனத்த உண்மையைச் சொல்கிறது என்று இன்னொருவர் கேட்கலாம். எழவு வீட்டுக்குப் போய்வந்து தலை முழுகிய கையோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய மனிதர்களை நாம் எல்லோருமே அறிவோம். அவர்களை இரக்கமற்றவர்கள் என்று நாம் சொல்வதில்லை. பழமொழிக்குத் தொனியைத் தருவது அது சொல்லப்படும் இடம். அந்தப் புதர் இக்காரஸுக்கும் வெகு தொலைவில் இருக்கிறது; அந்தச் சடலத்தையும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு மரணங்களைப் படத்தின் இரு பக்கங்களில் வைத்து, நடுவில் உழவை வைத்திருக்கும் இந்த அமைப்பைப் பார்த்தால், புரூகல் கண்டனத்தையும் ஏற்பையும் ஒருசேர நம் முன் வைத்துவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்தச் சிறு பொருளுக்கும் பொருள் கூறுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். அந்தக் காலத்தில், அந்த ஊரில், அந்தப் பொருளை அந்த அர்த்தத்தில் மக்கள் வழங்கினார்களா? அதே ஓவியர் வேறு படத்தில் அதை அப்படிப் பயன்படுத்தியிருக்கிறாரா? அந்தப் பொருளைக் கையால் மறைத்துப் பார்த்தால் படம் வறுமை அடைகிறதா? இரண்டுக்காவது ஆம் என்ற விடை வராவிட்டால், அந்த விளக்கத்தை ஊகம் என்றே குறியுங்கள். இந்தச் சோதனை ஏன் தேவை என்பதற்கு நீல நிறமே சாட்சி. பொதுவான குறியீட்டு அகராதி நீலத்துக்குத் தூய்மை, வானம் என்று பொருள் சொல்லும். ‘நெதர்லாந்துப் பழமொழிகள்’ ஓவியத்தின் நடுப்பகுதியில் ஒரு பெண் தன் கணவனுக்கு நீல அங்கி போர்த்துகிறாள். அந்த நாட்டு வழக்கில் அதன் பொருள், அவள் அவனை ஏமாற்றுகிறாள் என்பது. அகராதியை நம்பிப் போயிருந்தால் பொருள் தலைகீழாகியிருக்கும்.

ஐந்தாம் படி: தெரிந்தே திரும்புபவரைச் சந்திப்பது

இக்காரஸ் படத்திலுள்ளவர்கள் காணாதவர்கள். கண்டு வெறுத்துத் திரும்பியவரைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலியின் நேபிள்ஸ் நகரிலுள்ள கப்போடிமோன்ட்டே அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். புரூகல் 1568இல் துணியின் மேல் வரைந்த அந்தப் படத்தை ‘உலக வெறுப்பாளர்’ என்று அழைக்கிறார்கள். சதுரத் துணிக்குள் வட்டமாக அமைந்த காட்சி. வெண்தாடி முதியவர் ஒருவர் கறுத்த முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கைகளைக் கோத்தபடி நடக்கிறார். கீழே புரூகல் பேசிய பிளெமிஷ் மொழியில் எழுதியிருப்பதன் கருத்து இது: உலகம் இவ்வளவு நம்பத்தகாததாக இருப்பதால் நான் துக்கம் பூண்டு செல்கிறேன்.

முன்பு செய்த அம்புப் பயிற்சியை இங்கே செய்யுங்கள். முதியவரின் அம்பு தரைக்கும் தமக்குள்ளும் போகிறது. அவருக்குப் பின்னால் கந்தலணிந்த ஒருவன் கண்ணாடிக் கோளம் ஒன்றுக்குள்ளிருந்து கையை நீட்டி, முதியவரின் அங்கிக்கடியிலுள்ள சுருக்குப்பையை அறுக்கிறான். சிலுவை பொருத்திய கோளம் அந்நாளில் உலகத்தைக் குறிக்கும் வழக்கமான வடிவம். பழமொழி ஓவியத்திலும் அது பலமுறை வருகிறது, ஓரிடத்தில் தலைகீழாகத் தொங்குகிறது. ஆகவே முடிச்சவிழ்க்கியாக வந்திருப்பது உலகமேதான். முதியவரின் பாதையில் நெருஞ்சி முள் போலச் செய்த இரும்பு முட்கள் சிதறிக் கிடக்கின்றன. முகத்தை மறைத்துக்கொண்டவருக்கு முன்னால் இருக்கும் முள்ளும் தெரியாது, பின்னால் வரும் திருடனும் தெரியாது.

உலகத்தைத் துறந்துவிட்டதாகச் சொல்பவரிடம் திருடுவதற்குப் பணப்பை இருக்கிறது என்பதை நான் இந்தப் படத்தின் மிகக் கூர்மையான கூற்றாகக் கருதுகிறேன். அவர் துறந்தது உலகத்தின் துன்பத்தை; அதன் காசை அங்கிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிர்நிலையாகப் பின்புலத்தில் ஓர் ஆயர் மந்தையைக் காத்து நிற்கிறார். அவரும் அதே நம்பத்தகாத உலகத்தில், அதே வயலில்தான் நிற்கிறார். ஆனால் அவருடைய அம்பு ஆடுகளிடம் போய்ச் சேர்கிறது. இக்காரஸ் படத்தில் வானத்தைப் பார்த்து நின்ற ஆயரையும் இவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே உருவத்தை ஓவியர் இரண்டு படங்களில் இரண்டு வேலைகளுக்குப் பயன்படுத்தியிருப்பதைக் கண்டால், குறியீட்டுக்கு நிலையான பொருள் என்று ஒன்று கிடையாது என்பது விளங்கும்.

1567இல் ஸ்பெயின் மன்னரின் படையோடு ஆல்பா கோமகன், அன்று பிரஸ்ஸல்ஸையும் உள்ளடக்கி ஸ்பெயின் ஆட்சியில் இருந்த நெதர்லாந்துக்கு வந்து கடும் அடக்குமுறையைத் தொடங்கியிருந்தார். இந்தப் படம் அடுத்த ஆண்டுக்குரியது. இந்தத் தொடர்பைச் சொல்லாமல் விடுவதும் தவறு, இதுவே படத்தின் பொருள் என்று அடித்துச் சொல்வதும் தவறு. காலச் சூழலைப் படத்துக்கு அருகில் வையுங்கள். படத்தின் மேல் ஒட்டாதீர்கள்.

ஆறாம் படி: பொருளின் உடலை விசாரிப்பது

ஓவியம் என்பது மரப்பலகை, துணி, வண்ணம் ஆகியவற்றால் ஆன ஒரு பொருள். அது வெட்டப்படலாம், கழுவப்படலாம், மேலே வேறொன்று பூசப்படலாம். பிரஸ்ஸல்ஸ் இக்காரஸ் ஓவியத்தையே 1990களில் ஆய்வுக்கு உட்படுத்திய பிறகு, அமைப்பு புரூகலுடையதாக இருந்தாலும் கையிலிருப்பது அவருடைய தொலைந்துபோன மூலத்தின் பழைய நகலாக இருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எனவே தூரிகையின் தனித்தடத்தை வைத்து விளக்கம் எழுதுவதைவிட, யார் எங்கே நிற்கிறார்கள் என்ற அமைப்பை வைத்து எழுதுவது பாதுகாப்பானது.

இதைவிட மனத்தைக் கலக்கும் ஒரு நிகழ்வு உண்டு. பிரிட்டிஷ் அரச சேகரிப்பிலுள்ள புரூகலின் ‘மாசற்ற குழந்தைகளின் படுகொலை’ என்ற படம், ஏரோது மன்னனின் ஆணைப்படி பெத்லகேமின் ஆண் குழந்தைகள் கொல்லப்பட்ட விவிலியச் செய்தியை, பனி மூடிய பிளெமிஷ் கிராமத்தில் நடப்பதாகக் காட்டியது. பிராகு நகரிலிருந்து ஆண்ட பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் சேகரிப்பில் அது இருந்தபோது, இறந்த குழந்தைகள் மேல் வண்ணம் பூசி மறைக்கப்பட்டார்கள். குழந்தைகள் இருந்த இடங்களில் மூட்டைகளும் உணவுப் பொருள்களும் பறவைகளும் விலங்குகளும் வரையப்பட்டன. கொலைக் காட்சி கொள்ளைக் காட்சியாயிற்று. ஆனால் தாய்மாரின் முகங்களை யாரும் மாற்றவில்லை. மடியில் கிடக்கும் மூட்டைக்காகத் துயருறும் பெண்ணை அந்தப் படத்தில் இன்றும் காணலாம். புரூகலின் மகன் வழியாக வந்த நகல்களில் குழந்தைகள் அப்படியே இருப்பதால், எது எங்கே மறைக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டு அறிய முடிகிறது.

இங்கே முகத்தைத் திருப்பியவர் படத்துக்கு வெளியே, அதன் உரிமையாளராக இருக்கிறார். ஆகவே ஒரு முகத்தின் துயரம் அதன் முன்னாலுள்ள பொருளோடு பொருந்தவில்லை என்றால், ஓவியர் பிழை செய்தார் என்று கடந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் வேறு எது இருந்திருக்கும் என்று விசாரியுங்கள். அருங்காட்சியகத்தின் பட்டியல் குறிப்பில் மேற்பூச்சு, மறுசீரமைப்பு என்ற சொற்கள் வருகின்றனவா என்று தேடுங்கள்.

ஏழாம் படி: எழுதுவது

தாளை இரண்டாக மடித்து இடப்புறம் ‘காண்பது’, வலப்புறம் ‘கருதுவது’ என்று எழுதுங்கள். ‘நீருக்கு மேல் இரு கால்கள்’ என்பது இடப்புறத்துக்கு உரியது. ‘யாரும் கவலைப்படவில்லை’ என்பது வலப்புறத்துக்கு உரியது. வலப்புறத்திலுள்ள ஒவ்வொரு வரிக்கும் இடப்புறத்தில் ஒரு வரியாவது ஆதாரமாக நிற்க வேண்டும். நிற்காத வரிகளை அடித்துவிடுங்கள், அவை எவ்வளவு அழகாக இருந்தாலும். பிறகு மூன்று பத்திகளில் எழுதுங்கள்: பார்வைகள் போகும் திசை, மூலத்திலிருந்து விலகிய இடம், உங்கள் தீர்ப்பு. தீர்ப்பில் ‘திருப்பியவர் யார்’ என்பதோடு, அவர் காணாதவரா, கண்டு விலகியவரா, மறைத்தவரா என்பதையும் சொல்லுங்கள்.

அதன் பிறகு முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். உங்கள் கண் துன்பத்தை எத்தனையாவது இடத்தில் அடைந்தது என்பது அதில் இருக்கும். முதன்முதலில் நான் எழுதிய தாளில் இக்காரஸ் இல்லவே இல்லை. கப்பலின் பாய் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், ஏனென்றால் உழவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அது என் பேனாவை நிதானப்படுத்துகிறது. உங்கள் விளக்கத்தின் தொடக்கத்திலேயே அந்த வரிசையை நேர்மையாகக் குறிப்பிடுங்கள்.

பயிற்சிக்கு அடுத்த படம்

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள ‘கல்வாரி ஊர்வலம்’ என்ற 1564ஆம் ஆண்டு ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அருங்காட்சியகம் தன்னிடமுள்ள புரூகல் பலகை ஓவியங்களை மிக நுணுக்கமாகப் படம்பிடித்து, அகச்சிவப்புப் படங்களோடு ‘இன்சைட் புரூகல்’ என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நூற்றுக்கணக்கான மனிதர்கள் திருவிழாவுக்குப் போவது போலப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிலுவையின் பாரத்தால் விழுந்து கிடக்கும் இயேசு படத்தின் நட்டநடுவில் இருந்தும் எளிதில் கண்ணில் படமாட்டார். அவரைக் கண்டுபிடித்த பிறகு இடப்பக்கம் போங்கள். சிலுவையைச் சுமக்க உதவும்படி வீரர்கள் சீமோன் என்பவரை இழுக்கிறார்கள். அவரைப் போகவிடாமல் அவருடைய மனைவி தன் முழு பலத்தோடு பின்னுக்கு இழுக்கிறாள். அவள் இடுப்பை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே சிலுவை கோத்த ஒரு செபமாலை தொங்குகிறது. அதை முதலில் இடப்புறத்துப் பட்டியலில் எழுதுங்கள். வலப்புறத்தில் எழுதுவதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.